கார் நிற்கும்போது பேட்டரி இறங்குவது ஏன்? ஆட்டோ லைட் பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

“அண்ணே, அந்த ஆட்டோ லைட்டுக்குப் போற வயரைக் கட் பண்ணி விட்டுடுங்க.” இந்த மழை சீசனில் மட்டும் பத்துப் பதினைந்து பேராவது கடைக்கு வந்து இப்படிக் கேட்டிருப்பீர்கள். காலையில் செல்ஃப் அடித்தால் டக் டக் என்று சத்தம் மட்டும் வருகிறது, என்ஜின் சுற்றவில்லை. லைட் சுவிட்ச் ஆட்டோவில், அதாவது இருட்டினால் ஹெட்லைட் தானாக எரியும் இடத்தில், இருக்கிறது. அப்படியென்றால் ராத்திரி முழுக்க அதுதான் பேட்டரியைக் குடித்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். நாங்கள் யாருக்கும் வயரை வெட்டித் தரவில்லை. ஏன் என்று கடை வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பார்த்தோம். கூட்டத்தில் அது சரியாகப் போய்ச் சேரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறோம்.

முதலில் எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

தண்டையார்பேட்டைப் பெரியவர் ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் பழைய வாடிக்கையாளர். வாரத்துக்கு ஒரு முறைதான் கார் எடுப்பார், ஞாயிறு காலை திருவொற்றியூர் கோயிலுக்கு. ஒரு ஞாயிறு கார் கிளம்பவில்லை. மறுநாள் அவர் மகன் பேட்டரியை மட்டும் கழற்றி ஷேர் ஆட்டோவில் வைத்துக்கொண்டு வந்தார். மீட்டர் வைத்துப் பார்த்தோம், 10 வோல்ட் கூட இல்லை. இரண்டரை வருடப் பேட்டரி, ஆயுள் முடிந்துவிட்டது என்று சொல்லிப் புதியதைக் கொடுத்தோம். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. மூன்றாவது ஞாயிறு மறுபடி அதே கதை.

இந்த முறை பேட்டரியைக் கழற்ற வேண்டாம், அப்படியே விடுங்கள் என்று சொல்லி நாங்களே போனோம். கார் தெருவோரம், கவர் போர்த்தி, கீழே கயிறு கட்டி நின்றது. பின்பக்கம் கவரைத் தூக்கியதும் டெயில் லைட்டுக்குள் ஊதுவத்தி நுனி மாதிரி ஒரு மங்கலான சிவப்பு. பேட்டரி செத்துக்கொண்டிருக்கும்போதும் பல்பு விடாமல் எரிந்துகொண்டிருந்தது.

விசாரித்தால் விஷயம் இதுதான். சனிக்கிழமை சாயங்காலம் கார் துடைக்க வரும் தம்பி உள்ளேயும் துணி போட்டுத் துடைக்கிறார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிற தண்டைத் துடைக்கும்போது அதன் நுனி ஒரு கிளிக் திரும்பி, ஆட்டோவில் இருந்த சுவிட்ச் பார்க் லைட்டுக்குப் போயிருக்கிறது. லைட் எரிகிறது என்று எச்சரிக்கும் பஸர் அடித்தது அவருக்கும் கேட்டிருக்கிறது. கதவு திறந்திருப்பதால் அடிக்கிறது என்று நினைத்திருக்கிறார். கதவைச் சாத்தினார், சத்தம் நின்றது, கவரைப் போர்த்திவிட்டுப் போய்விட்டார். கவருக்குள் எரியும் லைட் யார் கண்ணில் படும்?

அந்தத் தம்பி மேல் குற்றம் இல்லை. பேட்டரி ஏன் இறங்கியது என்று பார்க்காமல் புதியதை விற்றது நாங்கள். அந்தப் பழைய பேட்டரியைச் சார்ஜ் போட்டு, லோடு வைத்து, அதாவது நிறைய கரண்ட் இழுக்கவைத்துப் பார்த்திருந்தால் இன்னும் ஒரு வருடம் ஓடியிருக்கக்கூடும். அதற்குள் அது ஸ்கிராப்புக்குப் போய்விட்டது. பெரியவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எங்களுக்குத்தான் மனசு ஆறவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் இருப்பது 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, அதாவது ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் சுமார் 35 மணி நேரம் வரும். பார்க் லைட் போட்டால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நம்பர் பிளேட்டுக்கு ஒன்று என்று 5 வாட் பல்புகள் ஐந்து எரியும். மொத்தம் 25 வாட், அதாவது ஏறக்குறைய 2 ஆம்பியர். சாயங்காலம் 5 மணியிலிருந்து காலை 7 மணி வரை 14 மணி நேரம், 28 ஆம்பியர்-ஹவர் காலி. மிச்சம் இருப்பதை வைத்து செல்ஃப் மோட்டாரைச் சுற்ற முடியாது. மோட்டார் ஒரு நொடி சுற்றவே நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும்.

ஹெட்லைட்டே எரிந்தால் இவ்வளவு நேரம்கூடத் தாங்காது. ஹாலஜன் பல்பு டிம்மில் ஒன்று 55 வாட். இரண்டுக்கும் சேர்த்து 9 ஆம்பியர், கூடவே பார்க் லைட்டின் 2 ஆம்பியர். இரண்டு மணி நேரத்தில் கார் கிளம்பாத நிலைக்கு வந்துவிடும். எல்இடி ஹெட்லைட் என்றால் இதைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். ஆனால் ஒரு ராத்திரி முழுக்க எரிந்தால் அதுவும் இதே இடத்தில்தான் கொண்டுவந்து விடும்.

இதில் ஆட்டோ எங்கே வருகிறது? டேஷ்போர்டின் மேல் கண்ணாடியை ஒட்டி ஒரு ரூபாய் நாணயம் அளவில் கறுப்பாக ஒன்று இருக்கும். சில கார்களில் நடுக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். அதுதான் வெளிச்சத்தைப் பார்க்கும் சென்சார். இருட்டினால் ஹெட்லைட்டைப் போடும், வெளிச்சம் வந்தால் அணைக்கும். இக்னிஷனை அணைத்துவிட்டால் அதற்கு வேலை கிடையாது. காரைப் பூட்டிய பிறகு சில நொடிகள் லைட் எரிந்துவிட்டு அணைவதைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. நீங்கள் வீட்டு வாசல் வரை வெளிச்சத்தில் நடந்து போவதற்காகக் கம்பெனியே வைத்த வசதி அது, தானாக அணைந்துவிடும். இது நேற்று வந்த சமாச்சாரமும் இல்லை. அமெரிக்காவில் காடிலாக் கார்களில் 1964-லேயே இருட்டினால் தானாகப் போடுகிற, இறங்கிப் போன பிறகு கொஞ்ச நேரம் கழித்து அணைகிற லைட் வந்துவிட்டது.

ஆக, தண்டு ஆட்டோவில் இருந்தால், அதுவும் இக்னிஷன் அணைந்திருந்தால், பெரும்பாலான கார்களில் பயமில்லை. பயம் பார்க் லைட்டில்தான். ராத்திரி ரோட்டில் நிறுத்தும் வண்டி மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, சாவியை எடுத்த பிறகும் அது எரியும்படியே பல கார்களில் வைத்திருக்கிறார்கள். உங்கள் கார் எப்படி என்பதை ஒரு நாள் ராத்திரி நீங்களே பார்த்துவிடுங்கள். சுவிட்சை ஒவ்வொரு இடத்திலும் வைத்து, இறங்கி, பூட்டி, ஐந்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். காரோடு வந்த புத்தகத்தைப் படிப்பதைவிட இது மனசில் நிற்கும்.

ஆட்டோ லைட்டால் நிஜமாகவே பேட்டரி இறங்கும் சமயம் ஒன்று இருக்கிறது, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குள் ஒருவர் போயிருக்கிறார், நீங்கள் வெளியே காருக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அல்லது பெரம்பூர் ஸ்டேஷனில் ரயில் வரக் காத்திருக்கிறீர்கள். என்ஜினை அணைத்துவிட்டு, பாட்டு கேட்க இக்னிஷனை மட்டும் ஆன் செய்கிறீர்கள். சாயங்காலம் ஆறு மணி. இருட்டியதும் ஹெட்லைட் தானாக எரிய ஆரம்பிக்கும். முன்னால் ஒரு சுவரோ இன்னொரு காரோ இருந்தால் கவனிக்கக்கூட மாட்டீர்கள். லைட், மீட்டர், பாட்டு எல்லாம் சேர்ந்து பதினைந்து ஆம்பியர் வரை இழுக்கும். என்ஜின் ஓடவில்லை, டைனமோ சுற்றவில்லை, எல்லாமே பேட்டரியிலிருந்து. ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய பாதி பேட்டரி போய்விடும். பட்டன் ஸ்டார்ட் கார்களில் பிரேக்கையோ கிளட்ச்சையோ மிதிக்காமல் பட்டனை இரண்டு தடவை அமுக்கினாலே இந்த நிலைதான். குழந்தைகள் விளையாட்டாக அமுக்கிவிடுவதும் நடக்கிறது. காத்திருக்கும்போது லைட் சுவிட்சை ஆஃபில் வையுங்கள். கிளம்பும்போது மறக்காமல் ஆட்டோவுக்குத் திருப்புங்கள்.

சென்சாரின் மேல் எதையும் வைக்க வேண்டாம். பிள்ளையார் சிலை, துண்டு, பார்க்கிங் அட்டை எது மறைத்தாலும் அது இருட்டு என்று நினைத்துக்கொண்டு பட்டப்பகலில் லைட்டைப் போடும். பிள்ளையாரை இரண்டு அங்குலம் நகர்த்தி வைத்தால் போதும்.

அடுத்தது சாவி. நம் பக்கத்து வீடுகளுக்கு மட்டும் உள்ள பிரச்சனை என்றே சொல்லலாம். ராயபுரம், கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் வாசற்படி இறங்கினால் கார். கதவுக்குப் பின்னால் ஆணியில் சாவி தொங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஸ்மார்ட் சாவி பக்கத்திலேயே இருந்தால் சில கார்கள் அதோடு பேசிக்கொண்டே இருக்கும், முழுதாகத் தூங்காது. தூங்கும் கார் இழுப்பது ஆம்பியரில் ஐம்பதில் ஒரு பங்கிலிருந்து இருபதில் ஒரு பங்கு வரைதான், வாரக்கணக்கில் தாங்கும். தூங்காத கார் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். சாவியை உள் அறைக்கோ சமையலறைப் பக்கமோ மாற்றிவிடுங்கள். அப்படி மாற்றினால் சாவியில் உள்ள சின்ன பேட்டரியும் கூடுதல் நாள் வரும்.

ஃபாஸ்டேக் பேட்டரியை இறக்குமா என்று கேட்டவர்களுக்கு: இறக்காது. அதற்குக் காரிலிருந்து ஒரு வயர்கூடப் போகவில்லை, சுங்கச்சாவடி ரீடரின் அலையிலேயே அது வேலை செய்கிறது. ஆனால் நேரடியாகப் பேட்டரியில் கொடுத்த டேஷ்கேம், ஜிபிஎஸ், கூடுதல் ஃபாக் லைட், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் இறக்கும். பைக்கில் எப்போதும் லைட் எரிகிறதே, அதன் பேட்டரி ஏன் இறங்குவதில்லை என்றும் கேட்கிறீர்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இரு சக்கர வண்டிகளில் என்ஜின் ஓடும்போது ஹெட்லைட் எரிந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஓடுகிற என்ஜின்தான் அதற்கு மின்சாரம் கொடுக்கிறது, அதனால் கவலை இல்லை.

கடற்காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துக் கார்களின் பானெட்டைத் திறந்தாலே பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருப்பதைப் பார்க்கிறோம். அது பூத்தால் பேட்டரி நன்றாக இருந்தாலும் கரண்ட் போகாது, வருகிற சார்ஜும் ஏறாது. வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் வாஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது முதலில் கறுப்பு (மைனஸ்) வயர், மாட்டும்போது கறுப்பு கடைசி. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற கார்களில் கனெக்டர்களுக்குள் பச்சை பிடித்து, மாதங்கள் கழித்து கரண்ட் கசிய ஆரம்பித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். லைட்டுக்குக் கரண்ட்டை விட்டு நிறுத்தும் ரிலே ஒட்டிக்கொண்டு, சுவிட்சை அணைத்தும் ஹெட்லைட் அணையாமல் ஒரு வண்டி வந்தது. உங்கள் கார் வெள்ளத்தில் நின்றது என்றால் எங்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள், தேடுவது சுலபம்.

பேட்டரி இறங்கிவிட்டால் என்ன செய்வது? ஜம்ப்பர் கேபிளில் முதலில் சிவப்பை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். அப்புறம் கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், அதன் மறுமுனையை உங்கள் கார் என்ஜினில் பெயின்ட் இல்லாத ஓர் இரும்புப் பகுதியில். பேட்டரிக்கு மேலேயே கடைசி கிளிப்பை வைத்தால் பொறி பறக்கும். அங்கே ஹைட்ரஜன் வாயு இருக்கும், அதனால் பீடி சிகரெட்டும் பக்கத்தில் வேண்டாம். கார் கிளம்பிய பிறகு பேட்டரியைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். டைனமோ வோல்டேஜ் ஏறி காரின் கம்ப்யூட்டரையே எரித்துவிடக்கூடும்.

முக்கியமாக, இறங்கிய பேட்டரியை அப்படியே நாள் கணக்கில் போட்டு வைக்காதீர்கள். உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், பிறகு சார்ஜ் ஏறாது. பத்து நிமிடம் ஓட்டினால் சரியாகிவிடும் என்பதும் இல்லை. 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியரில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஸ்லோ சார்ஜ் போட வேண்டும். எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், உள்ளே இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கினால் கார் உயிர் பெறாது.

இனி எங்கள் கடையில் ஒரு மாற்றம். பேட்டரி இறங்குகிறது என்று வந்தால் உடனே புதியதை எடுத்துக் கொடுக்க மாட்டோம். முதலில் சார்ஜ் போட்டு, லோடு வைத்துப் பார்ப்போம். 12.6 வோல்ட் நின்று, லோடிலும் தாங்கினால் அந்தப் பேட்டரி நல்லதுதான். அப்புறம் கார் நிற்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று அளப்போம். இதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும். கார் முழுதாகத் தூங்கவே அரை மணி ஆகிவிடும். பானெட் மூடியிருப்பதாகக் கார் நினைக்க வேண்டும் என்பதற்காக அதன் லாக்கை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கி வைத்திருப்போம், யாரும் அதைத் தொட வேண்டாம். மீட்டரில் எண் கூடுதலாக நின்றால் ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுப்போம். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அங்கேதான் திருடன்.

இந்தச் சோதனைக்குக் காசு வாங்கப் போவதில்லை. ஆனால் பேட்டரியை மட்டும் கழற்றிக் கொண்டு வராதீர்கள், காரோடு வாருங்கள். வர முடியாத நிலையில் நின்றுவிட்டால் போன் செய்யுங்கள், ஜம்ப்பர் கேபிளோடு பையனை அனுப்புகிறோம். அவன் வரும்வரை லைட் சுவிட்சைத் திருப்பாமல், அது இருந்த இடத்திலேயே விட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பேட்டரி, ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையினர்
தண்டையார்பேட்டை, சென்னை