சாம்பக்காட்டை வரைந்த பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடைக் கண்ணாடியில் தங்கள் கற்பனை உலகத்தின் வரைபடத்தை ஒட்டி, 'கதை ஆட்டத்துக்கு ஆள் தேவை, குறையிருந்தாலும் சொல்லலாம்' என்று எழுதி வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். துறைமுகத்தில் தூர்வாரும் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். பகடை உருட்டி ஆடும் உங்கள் ஆட்டத்தைப் பற்றி பேத்தி சொல்லித்தான் ஏதோ கொஞ்சம் விளங்கியது. கடற்கரை எப்படி உண்டாகிறது, எப்படிக் காணாமல் போகிறது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். குறை சொல்லலாம் என்று நீங்களே எழுதியிருப்பதால் சொல்கிறேன்.

படம் அருமை. மேற்கு மலையைக் கல்லன் என்கிற கடவுள் குப்புறப் படுத்திருக்கும் முதுகாக வரைந்திருக்கிறீர்கள். முகிலி என்கிற மழைத்தாய் அந்த முதுகின் ஒரு பக்கம் உட்கார்ந்து தலை உலர்த்துகிறாள்; அங்கே அடர்ந்த காடு, மறுபக்கம் முள்ளும் பொட்டலும். யார் யோசனையோ, சரியான யோசனை. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பங்கை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டிவிடுகிறது. சென்னைக்காரன் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவத்துக்குத்தான் காத்திருக்க வேண்டியிருக்கிறது. முகிலி வருஷத்தில் ஒரு தடவை திரும்பி உட்காருவாள் என்று சேர்த்துக்கொண்டால் எங்களுக்கும் அந்த உலகத்தில் குடிதண்ணீர் கிடைக்கும்.

வெள்ளியாறு சரியில்லை. ஒரே ஆறு நடுநாட்டில் இரண்டாகப் பிரிந்து கிழக்கே ஒரு கடலுக்கும் தெற்கே இன்னொரு கடலுக்கும் போகிறது. தண்ணீர் பள்ளம் பார்த்துத்தான் ஓடும். உள்நாட்டில் ஆறுகள் ஒன்றோடொன்று சேரும். பிரிவதெல்லாம் பெரும்பாலும் கடலை நெருங்கி, தரை தட்டையாகி, வண்டல் படிகிற கழிமுகத்தில்தான். கடையில் நின்ற உங்கள் பையன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அது சாமி பண்ணதுண்ணா, அப்படித்தான் இருக்கும்" என்றார். சாமி பண்ணட்டும், தப்பில்லை. ஒரு நாள் பண்ணிவிட்டுப் போய்விடுவார், மறுநாளிலிருந்து தண்ணீர் தன் வேலையைச் செய்யுமே, அதற்கு என்ன பதில்? ஆற்றைப் பிரித்து வைத்திருக்க அங்கே ஒரு கடவுள் ராப்பகலாகக் காவல் நின்றாக வேண்டும். அவருக்குக் கால் வலிக்கும் நாளில் எந்த ஊர் முழுகும் என்று எழுதினால் கதையும் கிடைக்கும்.

இனி நான் எழுத வந்த விஷயம். உலைவன் என்கிற கொல்லுப்பட்டறைக் கடவுள் சம்மட்டியால் இரண்டு கல்மதில்களைக் கடலுக்குள் அடித்து இறக்கினான், அன்று முதல் பொன்துறை என்கிற துறைமுகத்தில் அலையே இல்லை என்று ஒரு குறிப்பு போட்டிருக்கிறீர்கள். அதோடு முடித்துவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் தொடங்குகிறது.

நம் சென்னைத் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1875இல் அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் இரண்டு கை நீட்டினதுபோல் கல்மதில். 1881 புயல் அதை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். முதலில் வாசல் கிழக்கே பார்த்து இருந்தது. மணல் வந்து வந்து அடைக்கவே, பிற்பாடு அதை மூடிவிட்டு வடகிழக்கில் வேறு வாசல் வைத்தார்கள். அந்த மணல் எங்கிருந்து வந்தது? நம் கரையோரம் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்றல் காலம் முழுக்க அலை சாய்வாக அடித்து அதை வடக்கே நகர்த்தும். வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். அந்தப் போக்குக்குக் குறுக்கே மதில் வைத்தார்கள். மதிலுக்குத் தெற்கே மணல் தேங்கித் தேங்கி மெரினா அவ்வளவு அகலமானது. ஒரு காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்திலேயே அலை அடித்தது என்றால் இன்றைக்கு யார் நம்புவார்கள்? வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் கரையைத் தின்றது. தெருவும் வீடும் அதோடு போயின. தெற்கே காற்று வாங்க ஒரு கடற்கரை கிடைத்ததும் வடக்கே குப்பம் கரைந்ததும் ஒரே மதிலால்தான்.

அரிப்பைத் தடுக்க இப்போது தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்மதில், போடுகிறார்கள். திருவொற்றியூர் பக்கம் போய் ஒன்றைப் பாருங்கள். கருங்கல்லுக்குத் தெற்கே படகு ஏற்றி வைக்கிற அளவுக்கு மணல் மேடு; வலை காய்கிறது, நிழலில் நாய் படுத்திருக்கிறது. கல்லைத் தாண்டி வடக்கே காலை வைத்தால் முழங்கால் அளவுக்குச் செங்குத்தாக வெட்டின மாதிரி இறக்கம், வேர் தெரிய நிற்கும் தென்னை. இரண்டுக்கும் நடுவே பத்துக் காலடிகூட இருக்காது. அந்த வளைவுக்கு வடக்கே இருப்பவர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்பார்கள். கேட்கத்தானே வேண்டும்.

பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் தடுத்து நிறுத்தின இடம் என்று தலபுராணம் சொல்கிற ஊர் அது. அதே ஊரில் கல் கொட்டிக் கடலைத் தடுக்கிறோம். உங்கள் புராணத்துக்கு இதைவிட நல்ல சரக்கு வேறெங்கே கிடைக்கும்?

ஆகவே பொன்துறைக்கு வடக்கே ஒரு கரையை அரியுங்கள். அங்கே இருந்த கோயில் கடலுக்குள் போகட்டும். அந்த ஊர்க்காரர்கள் உலைவனைக் கும்பிடுவார்களா, கல்லெறிவார்களா? மணலுக்கென்று ஒரு கடவுளும் உங்களிடம் இல்லை; ஒருத்தியைச் சேருங்கள். வழி மறித்ததும் அவள் எங்கே போனாள் என்று ஒரு குழு தேடிப் புறப்பட்டால் உங்களுக்கு ஒரு மாத ஆட்டம் ஓடும்.

இப்போது சாம்பக்காடு. படத்தின் வடகோடியில் கறுப்பு மையால் பூசி, 'சாபமண். கடவுள் இல்லை. சாம்பர் கூட்டம் வாழ்கிறது. இரக்கம் கிடையாது' என்று எழுதியிருக்கிறீர்கள். வடக்கே புகை, வடக்கே ரவுடி. பிள்ளைகளே, நம் வடசென்னையைப் பற்றி மற்றவர்கள் வரைகிற படம் இது! சினிமாவில் பார்த்தது போதாதா, நாமே வரைந்து கண்ணாடியில் ஒட்டணுமா? இதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது நிஜம்.

பழைய தமிழிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. தொல்காப்பியம் காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், மணல்வெளிக்கு வருணன் என்று நான்கு நிலத்துக்கு நான்கு தெய்வம் சொல்கிறது. வறண்ட நிலமான பாலைக்கு அந்த வரிசையில் இடமில்லை. பிறகு வந்த சிலப்பதிகாரம், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் போகும்போது எடுக்கிற வடிவம்தான் பாலை என்கிறது. பாழ்நிலம் என்று தனியாக ஒன்று பிறப்பதில்லை, நல்ல நிலம் ஒன்றுதான் அப்படி ஆகிறது என்று நான் இதைப் படிக்கிறேன்.

எண்ணூர்க் கழியும் அப்படித்தான். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம். உப்பும் நன்னீரும் கலப்பதால் இறாலும் நண்டும் விளையும்; கண்டல் காடு இருந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் கழியில் படிந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகிலும் வலையிலும் அப்பியது. அந்தச் சாம்பலை உண்டாக்கிய கரண்ட் எங்கெங்கோ விளக்கெரித்தது. அதே மாதிரி, சாம்பக்காட்டுச் சாம்பல் எந்த உலையிலிருந்து வந்தது என்று உங்கள் ஆட்டத்தில் யாராவது கேட்க வேண்டும். பொன்துறையில் ராத்திரியும் பகல்போல் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே உலைவனின் உலை அணைவதே இல்லையாம்.

சாம்பர்களுக்கும் ஒரு தெய்வம் கொடுங்கள், பெரிய கோயில் எல்லாம் வேண்டாம். கழிமுகத்து மணல்திட்டு அடைவதும் திறப்பதும் பார்த்து மீன்பாடு சொல்கிற ஓர் எல்லையம்மன் போதும். அடுத்த ஆட்டத்தில் அந்தக் கூட்டத்து ஆளாக ஒருவர் விளையாடட்டும், எதிரியாக அல்ல.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையில் கூடுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறது. வருகிறேன். பெரிய தாளும் பென்சிலும் எடுத்து வையுங்கள், மை வேண்டாம், கரையின் கோடுகளை நிறைய அழிக்க வேண்டியிருக்கும். மழைக்காலம் கழிந்ததும் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் படகில் கூட்டிப் போக எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். டீசல் காசு நான் தருகிறேன், சாப்பாடு உங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
தூர்வாரும் கப்பலில் இருந்த பெரியவர்