பாராமகால் ஆவணங்களைத் தமிழில் வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் மற்றும் சிறு விவசாயி,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
தமிழ்நாடு ஆவணக் காப்பகம் மற்றும் வரலாற்று ஆராய்ச்சித் துறை,
எழும்பூர், சென்னை.

பொருள்: பாராமகால் ஆவணங்களில் நிலத்தீர்வை, குடிமக்கள் பற்றிய பகுதிகளைத் தமிழில் வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரம்) சேலமும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறின. அவற்றை நிர்வகிக்க, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த காரன்வாலிஸ் பிரபு தேர்ந்தெடுத்தது படை அதிகாரிகளை. ஊர் மொழி தெரிந்த சிவில் அதிகாரிகள் அப்போது அரிது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு தலைமையில் மூன்று உதவியாளர்கள் வந்தனர். அவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1780-ல் சென்னைக்கு வந்து இறங்கி, ஹைதர் அலிக்கு எதிரான போரில் இருந்தவர். ஏழு ஆண்டுகள் எங்கள் பகுதியில் வேலை பார்த்தார். பிற்காலத்தில் ரயத்துவாரி என்று சென்னை மாகாணம் முழுக்கப் பரவிய முறைக்கு இங்கேதான் அடித்தளம் விழுந்தது. ஜமீன்தாரோ குத்தகைதாரரோ இடையில் இல்லாமல், ஒவ்வொரு வயலையும் அளந்து, அதை உழுகிறவரிடமே நேரடியாகத் தீர்வை வாங்கும் முறை அது. இன்றும் ஜமாபந்தியில் தாலுகா அலுவலக வாசலில் பட்டா, சிட்டாவோடு காத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கதையின் தொடக்கம் தெரியாது.

மன்றோவைப் புகழ்ந்து இந்த மனுவை எழுதவில்லை. பின்னர் அவர் போன பெல்லாரி, கடப்பா பகுதிகளில் அவர் போட்ட தீர்வை விவசாயிகளால் தாங்க முடியாத பாரம். அதை அவரே உணர்ந்து 1807-ல் நாலில் ஒரு பங்கு குறைக்கச் சொன்னார். மேலிடம் ஏற்கவில்லை. 1820-ல் தாமே சென்னை ஆளுநரான பிறகுதான் குறைப்பு நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட அத்தனை வருடமும் அந்தச் சுமையைச் சுமந்தது குடியானவர்கள்தான். இந்த இரண்டு பக்கமும் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 1827 ஜூலை 6 அன்று, இன்று ஆந்திராவில் உள்ள பத்திகொண்டாவில், காலராவில் இறந்தார் என்பதும், தீவுத்திடலில் குதிரைமேல் அவர் சிலை நிற்கிறது என்பதும் மட்டும் தெரிந்தால் போதாது.

ரீடும் அவருடைய உதவியாளர்களும் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் ‘பாராமகால் ஆவணங்கள்’ என்ற பெயரில் 1907 முதல் சென்னை அரசு அச்சகத்தால் பகுதி பகுதியாக ஆங்கிலத்தில் வெளிவந்தன. இருநூறு வருடத்துக்கு முன் எங்கள் மண்ணில் யார் வாழ்ந்தார்கள், என்ன விளைந்தது, எவ்வளவு வரி போட்டார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. ஆனால் யாருடைய நிலத்தைப் பற்றி எழுதினார்களோ அவர்களின் சந்ததி, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தால் ஒழிய அதைப் படிக்க வழியில்லை. எனக்கு இது பெரிய மனக்குறை.

எனவே தாங்கள் அருள்கூர்ந்து, முதலில் நிலத்தீர்வை பற்றிய பகுதியையும் அடுத்து குடிமக்கள் பற்றிய பகுதியையும் தமிழாக்கம் செய்து வெளியிட வேண்டுகிறேன். குடிமக்கள் பகுதியில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சாதிகளைப் பற்றி எழுதும்போது அந்த அதிகாரிகள் தங்கள் பார்வையிலும், தங்களுக்குத் தகவல் சொன்னவர்களின் பார்வையிலும்தான் எழுதினார்கள். அதை அப்படியே அச்சிட்டால் சிலர் மனம் புண்படும், சிலர் அதையே ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதனால் வரலாற்று அறிஞர்களின் விளக்கக் குறிப்புகளோடு வெளியிடுவது அவசியம். அப்புறம், தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்ட மைய நூலகங்களுக்குப் பிரதிகள் அனுப்பவும், இணையத்தில் எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வைக்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்பில் பழைய ஊர்ப் பெயர்களையும் அளவைகளையும் சரிபார்க்க உள்ளூர் ஆள் தேவைப்பட்டால், நானும் என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும் ஊதியமின்றி உதவத் தயாராக இருக்கிறோம். இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இடம்: பென்னாகரம்