சமயப் பாடம் எடுக்கப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய பாடக்குறிப்பை இரண்டு முறை படித்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உலகச் சமயங்கள், மொத்தம் பத்து வகுப்புகள். எவ்வளவு உழைத்திருக்கிறாய் என்று பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆனால் ஒரே மாதிரியான வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. "இந்துக்கள் இதை நம்புகிறார்கள்." "முஸ்லிம்கள் இதைச் செய்வார்கள்." "பௌத்தர்கள் இதைச் சாப்பிடமாட்டார்கள்." அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் நானும் கரும்பலகையில் அப்படித்தான் எழுதினேன். அன்றைக்குப் பாடம் நோன்பு. "ரமலான் மாதம் முழுவதும் முஸ்லிம்கள் பகலில் உண்ணாமலும் பருகாமலும் இருப்பார்கள்" என்று எழுதிவிட்டு, மூன்றாவது வரிசையில் இருந்த மாணவியை எழுப்பி, "நீயே சொல்லும்மா, உங்க வீட்டுல எப்படி?" என்று கேட்டேன். பாடம் உயிரோடு இருக்கும் என்று நினைத்தேன். அவள் டெஸ்க்கின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "எங்க வீட்டுல பாட்டிதான் எல்லா நாளும் இருப்பாங்க. எனக்கு உடம்புக்கு ஆகாது மிஸ்" என்றாள். பின்னாலிருந்து ஒருவன், "அப்போ நீ உண்மையான முஸ்லிம் இல்லையா?" என்றான். அவள் பதில் சொல்லவில்லை. அந்த வருடம் முழுக்க என் வகுப்பில் அவள் வாய் திறக்கவே இல்லை.

நோயாளிக்கும் பயணத்தில் இருப்பவருக்கும் குர்ஆனிலேயே விலக்கு இருக்கிறது. அதை நான் எழுதியிருக்கலாம். ஆனால் அதையும் சேர்த்து எழுதியிருந்தால் தப்பு சரியாகியிருக்காது. தப்பு "முஸ்லிம்கள்" என்ற எழுவாயில் இருந்தது. உலகத்தில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் சேர்ந்து வாழ்கிற ஒரு பெரிய வீட்டுக்கு நானே ஒரு கதவை வரைந்துவிட்டு, அதன் வழியாக அந்தப் பெண்ணை நுழையச் சொன்னேன்.

சமயக் கல்வி என்ற இந்தத் துறையே இப்படித் தடுக்கி விழுந்துதான் வளர்ந்திருக்கிறது. மதத்தைப் போதிப்பதும் மதத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதும் வேறு வேறு என்பது முதல் படி. 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகள் பைபிள் வாசிப்போடு நாளைத் தொடங்குவது செல்லாது என்றது. மதத்தைப் படிப்பாகப் படிக்கத் தடையில்லை என்பதையும் அதே தீர்ப்பில் சொன்னது. உன் பாடக்குறிப்பு இந்தப் படியைத் தாண்டிவிட்டது. எந்த வரியிலும் நீ யாருக்கும் போதிக்கவில்லை.

அடுத்தது நினியன் ஸ்மார்ட் என்ற அறிஞரின் வழி. 1967இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயவியல் துறையைத் தொடங்கியவர் அவர். சடங்கு, கதை, அனுபவம், கோட்பாடு, அறம், சமூக அமைப்பு என்று ஆறு பக்கங்களிலிருந்து எந்தச் சமயத்தையும் பார்க்கலாம் என்றார். கட்டடம், சிலை, உடை போன்ற பொருள்களை ஏழாவதாகப் பின்னால் சேர்த்தார். நீயும் இதைத்தான் அட்டவணையாகப் போட்டிருக்கிறாய். வசதியான முறைதான். ஆனால் அட்டவணை நிரம்ப நிரம்ப ஆட்கள் காணாமல் போவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விடை உட்கார்ந்துவிட்டால், கட்டத்துக்குள் அடங்காத பிள்ளை தன் வீட்டைத் தப்பான வீடு என்று நினைக்கத் தொடங்கிவிடும்.

அதனால்தான் எனக்கு இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்துச் சமயக் கல்வி ஆய்வாளர் ராபர்ட் ஜாக்சன் நெருக்கமானவராகத் தெரிகிறார். அவரும் உடன் வேலை செய்தவர்களும் பிள்ளைகளின் வீடுகளுக்கே போய், சமயம் அங்கே எப்படி வாழப்படுகிறது என்று பார்த்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து ஒரு எளிய யோசனை வந்தது. ஒரு மரபு இருக்கிறது. அதற்குள் பல குழுக்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் தனித்தனி மனிதர்கள் இருக்கிறார்கள். மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்க்கவேண்டும். அன்றைக்கு நான் மரபை மட்டும் பலகையில் எழுதினேன். பாட்டியையும் பேத்தியையும் பார்க்கவில்லை.

ஆகவே, "சிலர்", "பலர்", "இந்தப் பிரிவினர்", "இந்த வீட்டில்" என்ற சொற்களை ஒவ்வொரு வாக்கியத்திலும் சேர்க்கப் பார். வாக்கியம் கொஞ்சம் நீளும், பரவாயில்லை. அப்புறம், எந்தப் பிள்ளையையும் அதன் மதத்துக்குப் பிரதிநிதியாக எழுப்பாதே. தானாகக் கை தூக்கினால் பேசவிடு. அதுவும் "என் வீட்டில்" என்று தொடங்கும் பேச்சாக இருக்கட்டும். பத்து வகுப்புகளில் ஆறாவதற்கான குறிப்பில் பிள்ளைகளை வைத்து ஞானஸ்நானம் நடித்துக்காட்டும் திட்டம் ஒன்று வைத்திருக்கிறாய். அதை எடுத்துவிடு. ஒரு குழந்தைக்குப் புனிதமானது இன்னொரு குழந்தைக்கு நாடகமாகக்கூடாது. அதற்குப் பதில் ஒரு ஜெபமாலையைக் கொண்டுவந்து மேஜையில் வை. மணிகளை எண்ணட்டும், தேய்ந்திருப்பதைப் பார்க்கட்டும், யார் விரல் தேய்த்திருக்கும் என்று கேட்கட்டும்.

இனி உன் பத்தாவது வகுப்பு. "மதநம்பிக்கை இல்லாதவர்கள்" என்று அரை வகுப்பு ஒதுக்கியிருக்கிறாய். அவர்கள் எதை நம்பவில்லை என்பதை மட்டும் எழுதியிருக்கிறாய். உன் வகுப்பில் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையும் இருக்கும். இல்லாமை ஒன்றைத்தான் அதற்கு அடையாளமாகக் கொடுக்கப்போகிறாயா?

1975இலேயே இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரப் பாடத்திட்டம், கடவுளைச் சாராமல் மனிதனை மையமாக வைக்கும் மனிதநேயவாதத்தையும் கம்யூனிசத்தையும் வாழ்வு நிலைப்பாடுகளாக, அதாவது மதம் சாராத வாழ்க்கைப் பார்வைகளாகச் சேர்த்தது. பெரிய சண்டை வந்தது. 2018இல் இங்கிலாந்தின் மதக் கல்வி ஆணையம் பாடத்தின் பெயரையே "சமயமும் உலகப் பார்வைகளும்" என்று மாற்றச் சொன்னது. எல்லாவற்றையும் உள்ளே விட்டால் சமயம் நீர்த்துப்போகும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நேரம் குறைவு என்ற அவர்கள் கவலை நியாயமானது. பிள்ளைகளை வெளியே நிறுத்துவதற்கு அது காரணமாகாது.

நம் மொழியில் இதற்கு ஒரு பழைய வகுப்பறையே இருக்கிறது. மணிமேகலையின் 27ஆவது காதையில் அவள் வஞ்சி நகரத்தில் தவசி வடிவத்தில் போய், சைவவாதி, வைணவவாதி, ஊழை நம்பும் ஆசீவகன், சமணனான நிகண்டவாதி என்று ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். நிலம், நீர் போன்ற பூதங்களே எல்லாவற்றுக்கும் மூலம் என்கிற பூதவாதியும் அங்கே இருக்கிறான். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் மயக்கம் பிறக்கிற மாதிரி, பூதங்கள் சேர்ந்தால் உணர்வு பிறக்கிறது என்று அவன் தன் கட்சியைச் சொல்கிறான். அவன் எதை மறுக்கிறான் என்பதோடு, எதை வைத்து உலகத்தை விளக்குகிறான் என்பதும் நமக்குக் கிடைக்கிறது. உன் அரை வகுப்பில் இல்லாதது இதுதான்.

காப்பியம் கடைசியில் பௌத்தத்துக்குப் போகிறது. கடைசிக் காதைகள் அதற்கானவை. அது காப்பியத்தின் உரிமை, உனக்கு அந்த உரிமை கிடையாது. எதை முதலில் வைக்கிறாய், எதற்கு எத்தனை வகுப்பு தருகிறாய் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். நார்வேயில் 1997இல் வந்த கட்டாயச் சமயப் பாடத்தில் கிறித்தவத்துக்குப் பெரிய பங்கு இருந்தது. விலக்கு வேண்டும் என்ற பெற்றோர் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. காரணம் சொல்வதென்றால் தங்கள் நம்பிக்கையை வெளியே சொல்லவேண்டும். 2007இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 9க்கு 8 என்ற கணக்கில் பெற்றோர் பக்கம் நின்றது. எட்டு நீதிபதிகளுக்கு அது தப்பாகத் தெரியவில்லை. நல்ல மனதோடு எழுதிய பாடத்திட்டத்திலேயே சாய்வைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டம்.

"மிஸ், நீங்க கடவுளை நம்புறீங்களா?" என்று நிச்சயம் ஒருவன் கேட்பான். பொய் சொல்லாதே, மழுப்பாதே. "என் பதிலை வருடக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் என் பாடத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடிகிறதா பார்" என்று நான் சொல்வேன். கண்டுபிடித்தார்களா என்று ஒவ்வொரு வருடமும் கேட்பேன்.

பத்தாவது வகுப்பை மட்டும் திருத்தி எனக்கு அனுப்பு. மற்றதை நேரில் பேசுவோம்.

அன்புடன்,
அக்கா