கோடு விழாத கிட்

அன்புள்ள முரளி,

ஆறு மாதமாக ஒரு வரிகூடப் போடவில்லை. திட்டுவதை நேரில் வந்து திட்டு, இப்போது இதைப் படி. இங்கே எல்லோரும் நலம். கணேசன் அதே பழைய கணேசன்தான், உன்னைக் கேட்டதாகச் சொன்னான்.

போன வாரம் மூன்று வயதுக் குழந்தை ஒன்றை லேபுக்குத் தூக்கி வந்தார்கள். முந்தைய நாள்தான் காய்ச்சல் தொடங்கியதாம். அம்மா மடியில் அவள் திமிறிய திமிறலில் ஸ்வாப் குச்சி மூக்கு நுனியைத் தாண்டவில்லை. வைரஸின் புரதத்தைத் தேடும் ஃப்ளூ ஆன்டிஜென் கிட்டில் சொட்டு விட்டு 15 நிமிடம் காத்திருந்தேன். கிட் வேலை செய்கிறது என்று காட்டும் கன்ட்ரோல் கோடு பளிச்சென்று விழுந்தது. ஃப்ளூ இருந்தால் விழ வேண்டிய கோடு பக்கத்தில் இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தும் வெள்ளைதான். ‘நெகட்டிவ்’ என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மூச்சு வாங்க வாங்கத் திரும்பி வந்தாள். வைரஸின் மரபுப் பொருளைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் டெஸ்டில் இன்ஃப்ளூயன்ஸா ஏ, ஃப்ளூவேதான். ஃப்ளூ மருந்தான ஒசெல்டமிவிரை, காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரம் என் ரிப்போர்ட்டால் போனது. அப்புறம் மருந்து கொடுத்துத் தேறிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

ஸ்வாப் சரியாக எடுத்திருந்தாலும் இது நடந்திருக்கலாம் என்பதுதான் என்னை அரிக்கிறது. 2012-இல் 159 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஃப்ளூ உள்ள குழந்தைகளில் மூன்றில் இருவரைத்தான் இந்தத் துரித கிட்டுகள் பிடித்தன. பெரியவர்களிடம் இன்னும் மோசம், பாதியை ஒட்டித்தான். பாசிட்டிவ் வந்தால் மட்டும் பெரும்பாலும் நம்பலாம், ஃப்ளூ இல்லாதவர்களில் 98 சதவீதம் பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டுகிறது.

சீசன் உச்சத்தில் உன் ஓபிக்குக் காய்ச்சலோடு வரும் 200 குழந்தைகளில் 100 பேருக்கு ஃப்ளூ என்று வை. கிட் 67 பேரைக் காட்டும், 33 பேரை விட்டுவிடும். மீதி 100 பேரில் 98 பேர் சரியாக நெகட்டிவ். ஆக, நெகட்டிவ் சீட்டோடு வீட்டுக்குப் போகும் 131 பேரில் 33 பேருக்கு ஃப்ளூ இருக்கிறது. நாலில் ஒன்று, முரளி! சீசன் இல்லாத மாதத்தில் ஃப்ளூவே அரிது என்பதால் கதை தலைகீழ். அப்போது சந்தேகப்பட வேண்டியது பாசிட்டிவை.

கோட்டைக் கண்ணால் பார்க்காமல் கருவி படிக்கும் கிட்டுகள் ஃப்ளூ உள்ளவர்களில் 80 சதவீதம் பேரை ஒட்டிப் பிடிக்கின்றன. வைரஸின் ஆர்என்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் துரித மூலக்கூறு டெஸ்ட் 90-ஐத் தாண்டுகிறது, அதுவும் 15 முதல் 30 நிமிடத்தில். எங்கள் லேபில் அந்தக் கருவி வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். விலையைத்தான் பேசுகிறார்கள். அதுவரை ஒவ்வொரு நெகட்டிவ் ரிப்போர்ட்டின் அடியிலும் ‘ஃப்ளூ இல்லை என்று உறுதியாகாது’ என்று நானே கையால் எழுதுகிறேன்.

உன் ஓபியில் எந்த கிட் வைத்திருக்கிறார்கள்? அட்டையைப் பார்த்துச் சொல். சீசனில், அதிலும் இரண்டு வயதுக்குக் கீழோ ஆஸ்துமாவோ இருந்தால், நெகட்டிவ் சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்காமல் விட்டுவிடாதே. இதைச் சொல்லத்தான் எழுதினேன். உடனே பதில் போடு.

உன்,
சேகர்