பவர் ஸ்டியரிங் போடுங்கள், அதற்கு முன் முன்னச்சைத் தூக்கிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் பகுதியில் கெடா மாநிலத்து அன்பர் ஒருவர், அப்பா காலத்து டிராக்டருக்குப் பவர் ஸ்டியரிங் மாட்டுவது கிழவிக்குக் கொலுசு மாட்டுவது போல என்றும், பேசாமல் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்றும் எழுதியிருந்தார். கிழவி கொலுசு போட்டால் இவருக்கு என்னவாம் என்று என் மனைவி கேட்கிறாள். அது இருக்கட்டும். நான் அந்த வேலையைச் செய்து பார்த்தவன், ஒருமுறை தப்பாகவும் ஒருமுறை சரியாகவும். அதனால்தான் இந்தக் கடிதம்.

என்னிடம் இருப்பது மாஸி ஃபெர்குசன் 135. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்துத் தொழிற்சாலையில் 1964-லிருந்து பல வருஷம் செய்த வண்டி, மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் டீசல் என்ஜின். நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பா இதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார், தோட்டத்தில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது யாரும் கேட்காத விலைக்கு எடுத்து வந்தார். அப்பாவின் வலது கை கட்டைவிரல் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். முன் சக்கரம் ஒரு வேரில் இடித்தபோது ஸ்டியரிங் வெட்டிச் சுழன்று, அதன் கம்பி விரலில் அடித்ததில் வந்தது அது. எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்த அன்றைக்கு கிளட்சைப் பற்றிப் பேசுவதற்கு முன்னாலேயே கட்டைவிரலை வளையத்துக்கு உள்ளே விடாதே, மேலே வை என்றுதான் சொன்னார். பவர் இல்லாத ஸ்டியரிங் என்ன செய்யும் என்று அந்த விரலைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

இப்போது எனக்கு 61 வயது, இடது தோள் பாதிதான் உயரும். ஏழு ஏக்கர் எண்ணெய் எடுக்கிற செம்பனை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குலை வெட்டு, வெட்டின குலையை டிரெய்லரில் ஏற்றி ரோட்டைக் கடந்து கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அந்த ரோடு முன்பு மாதிரி இல்லை. 2014-இல் பத்து காவானில் இரண்டாம் பாலம் திறந்த பிறகு இந்தப் பக்கம் லாரியும் காரும் பெருகிவிட்டன. போதாததற்கு உரமும் மண்ணும் அள்ளுவதற்காக முன்னால் ஒரு வாளி வேறு மாட்டியிருக்கிறேன். வாளியில் மண் ஏறினால் மொத்தப் பாரமும் முன் டயரில் உட்காரும், அந்த நேரத்தில் நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கள், தோள் என்ன சொல்கிறது என்று தெரியும்.

முதல்முறை ஏமாந்ததைச் சொல்கிறேன். நான் சொல்கிற பவர் ஸ்டியரிங், பம்ப் தள்ளும் எண்ணெயின் அழுத்தத்தால் சக்கரத்தைத் திருப்புவது. ஒரு பட்டறைக்காரர், பெயர் வேண்டாம், "பின்னாலதான் ஹைட்ராலிக் இருக்கே, அதிலேருந்து ஒரு ஹோஸ் இழுத்தா போச்சு" என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. அந்தக் கலப்பை தூக்கும் பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை. ஃபெர்குசன் முறையில் அது எப்போதும் எண்ணெய் தள்ளிக்கொண்டிருக்கும் பம்ப் இல்லை, பிடியை உயர்த்தினால்தான் தள்ளும், கலப்பை தூக்கும் கைகள் மேலே போய்ச் சேர்ந்ததும் உறிஞ்சுகிற வழி மூடிக்கொள்ளும். தொடர்ந்து தள்ளவைக்க அந்தப் பிடியிலேயே தனியாக ஒரு நிலை உண்டு, பட்டறைக்காரர் அதில் வைத்துக் கொடுத்தார். வாசலில் ஒரு விரலால் திரும்பியது. நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு 900 வெள்ளியை எண்ணி வைத்தேன்.

மூன்றாம் நாள் குலையோடு வாய்க்கால் ஓரச் சரிவில் இறங்கும்போது கியர் மாற்றுவதற்காகக் கிளட்சை அடிவரைக்கும் மிதித்தேன். என் வண்டியில் இரட்டைக் கிளட்ச். பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், முழுசாக மிதித்தால் பின்னால் இருக்கிற அந்தப் பம்பும் சேர்ந்து நின்றுவிடும். பம்ப் நின்றால் ஸ்டியரிங்குக்கு எண்ணெய் ஏது? கையில் இருந்த வளையம் கல்லாகிவிட்டது. பின்னால் டிரெய்லர் தள்ளுகிறது, முன் சக்கரம் வாய்க்காலைப் பார்த்துப் போகிறது. பிரேக்கில் ஏறி நின்றுதான் நிறுத்தினேன். வலது முன் டயரின் பாதி அகலம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு முழுக்க வண்டிப் பக்கமே போகவில்லை.

அதனால் யாராவது உங்களிடம் பின் ஹைட்ராலிக்கிலிருந்து இழுக்கலாம் என்று சொன்னால், கிளட்ச் மிதித்தால் என்ன ஆகும் அண்ணே என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஸ்டியரிங்குக்கு என்ஜினோடு சுற்றுகிற தனிப் பம்ப் வேண்டும்.

அப்புறம்தான் என் தங்கை மகனைக் கூப்பிட்டேன். பிறை ஊரில் ஃபோர்க்லிஃப்ட் பழுது பார்க்கிற பையன். வந்தவன் பம்பைப் பற்றி வாயே திறக்கவில்லை, ஜாக்கியை முன்னச்சுக்கு அடியில் கொடுத்து இரண்டு சக்கரத்தையும் தரையை விட்டுத் தூக்கினான். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினான், டக் டக் என்று சத்தம். ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னான். காற்றில் தொங்குகிற சக்கரம், ஒரு பாரமும் கிடையாது, ஆனாலும் கனமாகத்தான் திரும்பியது. "மாமா, இது பாரம் இல்ல, பிடிப்பு" என்றான்.

முன் சக்கரம் எதைச் சுற்றி இடம் வலம் திரும்புகிறதோ அந்த முளையை, கிங்பின்னை, கழற்றினோம். கிரீஸ் நிப்பிளில் மண் அடைத்து, கிரீஸ் உள்ளே போய் எத்தனை வருஷம் ஆச்சோ தெரியாது. நான்தான் மாதாமாதம் கிரீஸ் துப்பாக்கியை வைத்து அமுக்கி, வெளியே வழிந்ததைத் துடைத்து, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! கிங்பின் ஒரு பக்கம் தேய்ந்து, விரல் வைத்தால் படி தட்டியது, மேலே துருப் பொடி. அதைத் தாங்கும் உறையான புஷ்ஷின் ஓட்டை வட்டமாகவே இல்லை. ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இழுகம்பி முனையில் இருந்த பால் ஜாயிண்ட் இரண்டும் லொட லொட. முன் டயரில் காற்று 15 பவுண்டு கூட இல்லை. புஷ், பின், ஜாயிண்ட் எல்லாம் புதுசு போட்டோம். சென்னையில் டாஃபே கம்பெனி 1960-களிலிருந்தே மாஸி வழி வண்டிகளைச் செய்கிறது, அதனால் இந்தியாவிலிருந்து வருகிற பல பாகங்கள் இதற்கும் பொருந்தும். ஆனாலும் பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் அளந்து பார்த்து வாங்குங்கள். இவ்வளவையும் மாற்றிவிட்டு ஓட்டினேன், பாதிக் கனம் போய்விட்டது. வாளி மட்டும் இல்லை என்றால் அதோடு நிறுத்தியிருப்பேன், பொய் இல்லை.

கெடா அன்பர் கவனிக்க வேண்டியது இதுதான். அவர் சொன்ன மாதிரி காசைக் கரியாக்குகிறவர்களும் உண்டு, தேய்ந்த முன்னச்சின் மேல் பவர் ஸ்டியரிங் மாட்டுகிறவர்கள். கையால் ஓட்டும்போது ஜாயிண்ட் ஆடினால் கைக்குத் தெரியும். எண்ணெய் தள்ளும்போது ஒன்றும் தெரியாது, ஒருநாள் அது கழன்று விழும்போதுதான் தெரியும்.

சரி, எண்ணெய் வேலைக்கு வருவோம். கம்பெனியே அந்தக் காலத்தில் 135-க்குப் பவர் ஸ்டியரிங் தனி விலைக்குக் கொடுத்தது, ஆனால் அந்தச் சாமான் இன்றைக்கு முழுசாகக் கிடைப்பது கஷ்டம். நாங்கள் போட்டது ஃபோர்க்லிஃப்டில் இருக்கிற ஆர்பிட்டல். ஸ்டியரிங் தண்டின் அடியில் உட்காரும் ஒரு உருண்டை, நாலு வாய்: பம்பிலிருந்து வருவது, தொட்டிக்குத் திரும்புவது, இடது, வலது. வளையத்தைத் திருப்பினால் திருப்பின அளவுக்கு எண்ணெயை அளந்து, சக்கரத்தைத் தள்ளி இழுக்கும் எண்ணெய்ச் சிலிண்டருக்கு அனுப்பும். ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இரும்புத் தொடர்பு கிடையாது, ஹோஸ்தான்.

இங்கே 135-க்கென்று ஒரு வம்பு இருக்கிறது. இந்த வண்டியில் இரண்டு முன் சக்கரத்தையும் சேர்க்கிற குறுக்குக் கம்பி இல்லை. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து இடது பக்கம் ஒரு இழுகம்பி, வலது பக்கம் ஒரு இழுகம்பி, பெட்டிக்குள்ளே ஒன்றோடு ஒன்று கடித்துக்கொண்டிருக்கும் பல்சக்கரங்கள்தான் இரண்டையும் ஒரே திசைக்குத் திருப்புகின்றன. பெட்டியைக் கழற்றி வீசிவிட்டு ஒரு பக்கம் மட்டும் சிலிண்டரைப் பற்றவைத்தால் மற்ற சக்கரம் தன் பாட்டுக்குப் போகும். அதனால் முதலில் குறுக்குக் கம்பி, அதற்கேற்ற இரண்டு கைகள், பிறகுதான் சிலிண்டர்.

சிலிண்டர் வாங்கும்போது அவசரப்படாதீர்கள். 50 மில்லிமீட்டர் உள்வட்டம், 25 மில்லிமீட்டர் தண்டு, 200 மில்லிமீட்டர் ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டு ஒரு பக்கம் மட்டும் வெளியே வரும் சிலிண்டர் என்றால் தள்ளுவதற்கு 393 சிசி எண்ணெய், இழுப்பதற்கு 295 சிசி. 100 சிசி ஆர்பிட்டலில் ஒரு பக்கம் திரும்ப நாலு சுற்று, மறுபக்கம் மூன்று சுற்று. பழகிவிடும் என்பார்கள், எனக்குப் பழகாது. இரண்டு பக்கமும் தண்டு வரும் சிலிண்டர் கொஞ்சம் விலை கூட, ஆனால் இரண்டு பக்கமும் மூன்று சுற்றுதான். இன்னொரு கணக்கும் சொல்கிறேன். இந்தச் சிலிண்டர் 80 பார் அழுத்தத்தில் சுமார் 1,200 கிலோ விசையோடு தள்ளும். சக்கரம் வேரில் மாட்டிக்கொண்டிருக்கும்போது வளையத்தை மேலும் திருக்கினால் உடையப்போவது வேர் இல்லை. அழுத்தம் விடுகிற வால்வைக் குறைத்து வையுங்கள், வண்டி நகர நகரத் திருப்புங்கள்.

பம்ப், பழைய கார்களை வெட்டிப் பாகமாக விற்கும் ஹாஃப் கட் கடையில் எடுத்த பழைய புரோட்டோன் வீரா காரினுடையது. பெல்ட்டில் சுற்றும், அழுத்தம் விடுகிற வால்வு அதற்குள்ளேயே இருக்கிறது. நிமிடத்துக்கு 6 லிட்டர் கொடுத்தாலே 100 சிசி ஆர்பிட்டலை நொடிக்கு ஒரு சுற்று திருப்பலாம், டிராக்டருக்கு அது போதும். திரும்பி வரும் வழியில் ஒரு ஃபில்டர் கட்டாயம். முதல்நாள் ஓட்டியபோது இடது பக்கம் திருப்பினால் வலது பக்கம் போனது, ஹோஸ் மாறிப்போயிருந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மாற்றி மாட்டிவிட்டு, முன்னச்சைத் தூக்கி வைத்து, ஓரத்திலிருந்து ஓரம் மெதுவாகப் பதினைந்து இருபது தடவை திருப்பியதும் காற்றெல்லாம் வெளியேறியது.

எதற்கு இந்த எண்ணெய்ப் பிசுக்கு, மைவி காரின் எலக்ட்ரிக் ஸ்டியரிங்கை ஹாஃப் கட் கடையில் வாங்கி மாட்டு என்று சிலர் சொன்னார்கள். காருக்கு நல்லதுதான். என் வண்டியின் பழைய டைனமோ கொடுப்பது கொஞ்சம் மின்சாரம்தான், அந்த மோட்டாரோ திருப்புகிற நேரத்தில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். தவிர, அது மேலே தண்டைத்தான் திருப்பும், அந்தப் பலம் எல்லாம் தேய்ந்த பழைய பெட்டி வழியாகத்தான் இறங்க வேண்டும்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. ஆயுத பூசைக்கு ஸ்டியரிங் வளையத்தின் நடு உச்சியில் மனைவி சந்தனப் பொட்டு வைப்பாள். முன்பெல்லாம் வண்டி நேராக நின்றால் பொட்டு நேரே மேலே நிற்கும். இப்போது வண்டி நேராகப் போகிறது, பொட்டு ஒருநாள் மூன்று மணியில் நிற்கிறது, மறுநாள் எட்டு மணியில். ஆர்பிட்டலுக்குள் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சம் கசிவதால் அப்படி, பழுது இல்லை. அவளுக்கு அது பிடிக்கவில்லை. அதோடு திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் தானாக நேராகாது, நீங்கள்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டும். என்ஜின் நின்றாலும் திருப்ப முடியும், ஆனால் ரொம்பக் கனம். ஹோஸ் வெடித்தால் அதுவும் இல்லை. ரோட்டில் நான் மூன்றாம் கியருக்கு மேல் போவதில்லை. பதிவு எண்ணோடு ரோட்டில் ஓடும் வண்டி என்றால் வேலையைத் தொடங்கும் முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யில் கேட்டுவிடுங்கள்.

மொத்தம் 2,700 வெள்ளி ஆனது, பட்டறைக்காரருக்கு அழுத 900-ஐச் சேர்க்காமல். தங்கை மகன் கூலி வாங்கவில்லை, டுரியான் காலத்தில் ஒரு கூடை போனது.

கெடா அன்பருக்கு ஒன்று. உங்கள் அப்பாவின் வண்டி இன்னும் இரும்புக் கடைக்குப் போகவில்லை என்றால், இந்த வாரம் முன் சக்கரம் இரண்டையும் தூக்கி வைத்து ஒரு கையால் திருப்பிப் பாருங்கள். எப்படித் திரும்பியது, எவ்வளவு ஆடியது என்று இதே பகுதியில் எழுதுங்கள், என்ன புஷ் வாங்குவது என்று நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
135 வைத்திருக்கும் வாசகன்,
சுங்கை பாக்காப், பினாங்கு