புரோட்டானா, டூட்டாவா?

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. அப்பா ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிவிட்டார் என்று படித்ததும்தான் நிம்மதி. அவரை நான் விசாரித்ததாகச் சொல்.

மெயில் விஷயத்துக்கு வருகிறேன். கடிதங்களைப் பூட்டிச் சேமிக்கும் மெயில் சேவைகளான புரோட்டான், டூட்டா இரண்டில் எதற்கு மாறலாம் என்று கேட்டிருந்தாய். "எங்களாலேயே படிக்க முடியாது" என்று இந்த நிறுவனங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. வங்கியிலிருந்தோ ஜிமெயிலிலிருந்தோ உனக்கு வரும் கடிதம் வழியில் டிஎல்எஸ் (பயணத்தின்போது பூட்டி அனுப்பும் முறை) பாதுகாப்போடு வந்தாலும், அவர்களுடைய சர்வருக்கு வந்து சேரும்போது படிக்கக்கூடிய நிலையில்தான் இருக்கும். அதன் பிறகுதான் உன் சாவியால் பூட்டிச் சேமிக்கிறார்கள். பூட்டும் வரைக்கும் அவர்களை நம்புவதைத் தவிர வழியில்லை. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒரே சேவையில் இருந்தாலோ, இருவரும் பிஜிபி என்ற பூட்டும் முறையைப் பயன்படுத்தினாலோ கடிதம் நடுவில் யாருக்கும் திறக்காது. அப்போதும் புரோட்டானில் தலைப்பு வரி அப்படிப் பூட்டப்படுவதில்லை. டூட்டா தலைப்பையும் பூட்டுகிறது. ஆனால் அதில் ஐமேப் (வேறு செயலிகளில் கடிதங்களைப் படிக்க உதவும் பொது முறை) கிடையாது, கணினியில் மெயில் படிக்கும் தண்டர்பேர்டு செயலியில் இணைக்க முடியாது. புரோட்டானை பிரிட்ஜ் என்ற செயலி வழியாக இணைக்கலாம். அது கட்டணக் கணக்குக்கு மட்டும்.

யாருக்கு, எப்போது, எந்த ஐபி முகவரியிலிருந்து (உன் இணைய இணைப்பின் எண்) எழுதினாய் என்பது தனிக் கதை. 2021-இல் சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவுப்படி, ஒரு பிரெஞ்சு செயற்பாட்டாளரின் ஐபி முகவரியை சுவிஸ் நிறுவனமான புரோட்டான் பதிவுசெய்து கொடுக்க வேண்டிவந்தது. கடிதங்களின் உள்ளடக்கம் போகவில்லை, ஐபி போய்விட்டது. அதனால் எந்தச் சேவையைப் பார்த்தாலும் முதலில் அதன் வெளிப்படைத்தன்மை அறிக்கையைத் தேடிப் படி. எத்தனை உத்தரவுகள் வந்தன, எத்தனையை எதிர்த்தார்கள் என்று எண்ணிக்கை போட்டிருக்க வேண்டும். பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். சந்தாவில் ஓடும் நிறுவனத்துக்கு உன் கடிதத்தைத் துழாவ வேண்டிய தேவை குறைவு.

நல்ல சேவையும் மூடப்படலாம். ஸ்கிஃப் என்ற இதேபோன்ற சேவையை 2024 பிப்ரவரியில் நோஷன் என்ற நிறுவனம் வாங்கியது. ஆறே மாதத்தில் அதன் மெயில் சேவை நின்றது. அங்கே முகவரி வைத்திருந்தவர்கள் எல்லாக் கணக்குகளிலும் போய் முகவரியை மாற்ற வேண்டியதாயிற்று. சொந்த டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும், உன் பெயரில் பதிந்த பெயர்) இருந்தால் இந்தப் பாடு இல்லை, கடிதங்கள் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றினால் போதும். நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பெர்லினின் போஸ்டியோ நேர்மையான சேவைதான், ஆனால் சொந்த டொமைனை ஏற்பதில்லை. அதனால் உனக்கு அது சரிப்படாது.

பின்னால் சேவையை மாற்ற நேர்ந்தால், முந்தைய நாளே எம்எக்ஸ் பதிவின் டிடிஎல்லை, அதாவது மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 விநாடியாகக் குறைத்துவிடு. உன் டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். பழைய சேவையின் வரியை அழிக்காமல் புதியதையும் சேர்த்தால் இரண்டுமே செல்லாது, உன் கடிதங்கள் பலருக்கு ஸ்பாமில் போய் விழும். கடிதத்தின் டிஜிட்டல் கையொப்பத்துக்கான டிகிம் சாவிகளை மெயில் சேவை தரும்படியே போடு. இந்தச் சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கை முதலில் 'நன்' (எதுவும் செய்யாதே) என்று வைத்து, வரும் அறிக்கைகளை இரண்டு வாரம் பார். எல்லாம் தேறினால் 'குவாரன்டைன்' (ஸ்பாமில் ஒதுக்கு) ஆக்கு.

டொமைன் வாங்கிய இடத்தின் கணக்குக்கு அதே டொமைனின் முகவரியைக் கொடுத்துவிடாதே. புதுப்பிக்கத் தவறி டொமைன் நின்றால் மெயிலும் நிற்கும். கடவுச்சொல்லை மீட்கும் இணைப்பு வந்து சேர வழியிருக்காது. அதற்கு வேறு ஒரு முகவரி வைத்துக்கொள். தானியங்கிப் புதுப்பிப்பையும் போட்டு வை.

இன்னொன்று, புரோட்டானில் கடவுச்சொல் மறந்தால் புதியது போட்டுக் கணக்கைத் திறந்துவிடலாம், ஆனால் மீட்புச் சொற்றொடர் போன்ற மீட்பு வழி எதுவும் இல்லாவிட்டால் பழைய கடிதங்கள் திறக்காது. கணக்குத் தொடங்கிய அன்றே அந்தச் சொற்றொடரைக் காகிதத்தில் எழுதி வை. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பின் மீட்புக் குறியீடுகளும் அதோடு இருக்கட்டும்.

உனக்கு தண்டர்பேர்டு வேண்டும் என்பதால் புரோட்டானின் கட்டணக் கணக்கையே எடு என்பேன். பழைய கணக்கை ஒரு வருடமாவது மூடாதே, எந்தெந்தத் தளங்கள் இன்னும் அங்கே எழுதுகின்றன என்பது அதில்தான் தெரியும். டொமைன் பெயர் முடிவானதும் எழுது, எம்எக்ஸ், எஸ்பிஎஃப் முதலிய டிஎன்எஸ் பதிவுகளை நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
ரகு