செம்பு முலாமும் எதிர்மின்வாய் முனைவாக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாகர்கோவில் வடசேரியில் பல ஆண்டுகளாக முலாம் பட்டறை நடத்திவரும் நான், செம்பு முலாம் சொரசொரப்பானால் மின்னோட்டத்தின் மீதே பழி போடும் வழக்கம் நம் மாவட்டத்தில் மாற வேண்டும் என்ற கவலையோடு இதை எழுதுகிறேன்.

செம்பு படிவதற்கு எதிர்மின்வாயின் (அதாவது முலாம் பூசப்படும் பொருளின்) மின்னழுத்தம் சமநிலையிலிருந்து எவ்வளவு விலக நேர்கிறதோ, அதுவே முனைவாக்கம்; அது குறைந்தால் படிவின் மணிகள் பெரிதாகி முலாம் சொரசொரப்பாகும். லிட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம் காப்பர் சல்பேட்டும் 60 கிராம் கந்தக அமிலமும் கொண்ட கரைசலில் அது இயல்பாகவே குறைவு. கரைசல் சூடேறினாலும், செம்பின் அளவு கூடினாலும், காற்று செலுத்திக் கலக்கினாலும் மேலும் குறையும். மின்னோட்ட அடர்த்தி, அதாவது பரப்பளவுக்கு ஏற்ற மின்னோட்டம், கூடினால் உயரும், ஆனால் எல்லை மீறினால் ஓரங்கள் கருகிவிடும். சித்திரை மாதத்தில் தொட்டி 35 டிகிரியைத் தாண்டும்போது பளபளப்பு மங்குவதை நானே பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன்.

கரைசலில் சிறிதளவு சேர்க்கப்படும் குளோரைடும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற கரிமச் சேர்பொருளும் சேர்ந்து மேற்பரப்பை மூடி முனைவாக்கத்தை உயர்த்துவதால்தான் படிவு நுண்மணிகளாக அமைகிறது. குளோரைடு லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் வரை போதுமானது என்பதால், குளோரைடு மிகுந்திருக்கக்கூடிய கடலோர ஊர்களின் உப்புக் கிணற்று நீரைச் சோதிக்காமல் தொட்டியில் ஊற்றுவது பெருந்தவறு.

மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஹல் செல் சோதனையை (சிறு தொட்டியில் ஒரே தகட்டில் பல மின்னோட்ட அடர்த்திகளில் முலாம் படிவதைப் பார்த்துக் கரைசலைச் சோதிக்கும் முறையை) கற்பிக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முலாம் பட்டறை உரிமையாளர்,
வடசேரி, கன்னியாகுமரி மாவட்டம்.